மாடி வீட்டு யூனிட்டுக்கு என்ன விலை?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா குடும்பம். வீடு முழுவதற்கும் ஒரே ஈ.பி. சர்வீஸ். எங்கள் பங்குக்கு சப் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள். பிப்ரவரியில் 180 யூனிட் ஓடியது, 1,620 ரூபாய் கொடுத்தோம். ஜூனில் 260 யூனிட், 2,340 ரூபாய். 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் 2.35, பிறகு 4.70 என்றுதானே ஈ.பி.யில் போட்டிருக்கிறார்கள்? கேட்டால், "எனக்கே அவ்வளவு ஆகுது, பில்லைப் பாரும்மா" என்கிறார். இரண்டு பில்லையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு யூனிட்டின் உண்மையான விலைதான் என்ன? சப் மீட்டர் வேகமாக ஓடுகிறதோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில் அளிப்பவர்: மின்வாரிய வருவாய்ப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்

அன்புள்ள சகோதரிக்கு,

பில்கள் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. பிப்ரவரி ரீடிங்கில் வீடு முழுவதும் சேர்த்து 470 யூனிட், கட்டணம் 1,616 ரூபாய். ஜூனில் 640 யூனிட், 3,258 ரூபாய். கத்திரி வெயிலில், அதுவும் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு, இதைவிடக் குறைவாக ஓடினால்தான் ஆச்சரியம்.

பிப்ரவரி பில்லில் ஒன்று உடனே கண்ணில் படுகிறது. நீங்கள் 180 யூனிட்டுக்குக் கொடுத்தது 1,620. வீடு மொத்தத்துக்கும் வந்ததே 1,616. அந்த இரண்டு மாதம் கீழ் வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ், டி.வி. எல்லாவற்றுக்கும் சேர்த்து நீங்கள்தான் கட்டியிருக்கிறீர்கள், மேலே நாலு ரூபாய் வேறு. ஆனால் இதைப் படித்த கையோடு படி இறங்கிப் போய்ச் சண்டை போட்டுவிடாதீர்கள். ஜூன் பில்லைப் பொறுத்தவரை அந்த அம்மா சொல்வதில் நிறையவே உண்மை இருக்கிறது.

முதலில் கட்டண வீதம். இந்த இரண்டு பில்லிலும் உங்கள் கையிலிருந்து போனது 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த வீதம். 2025 ஜூலையிலும் ஏற்றினார்கள், ஆனால் வீட்டு இணைப்புக்கான ஏற்றத்தை அரசே மானியமாக ஏற்றுக்கொண்டது. அதனால் உங்கள் இரண்டு பில்லுக்கும் ஒரே கணக்குதான். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35, அதற்கடுத்த 200-க்கு 4.70, கடைசி 100-க்கு 6.30. யூனிட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியிருந்த நிலைக் கட்டணம் 2022 செப்டம்பரிலேயே போய்விட்டது.

500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும். பலரும் கவனிக்காதது இதைத்தான். முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 2.35 என்ற படி காணாமல் போய்விடும். 101-லிருந்து 400 வரை எல்லாமே 4.70. பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55. சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு! அந்த விலைக்கு எந்த அட்டவணையிலும் ஒரு வரி கிடையாது. பில்லிலும் தனியாகத் தெரியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜூன் மாத 260 யூனிட்டுக்கு மூன்று விலை சொல்லலாம், மூன்றும் கணக்குப்படி சரி.

உங்கள் மாடிக்குத் தனி சர்வீஸ் இருந்திருந்தால் 260 யூனிட்டுக்கு பில் 517 ரூபாய். யூனிட்டுக்கு 2 ரூபாய்கூட வராது. உங்கள் மனதில் இருக்கும் விலை இதுதான்.

இருக்கிற ஒரே பில்லை மொத்த யூனிட்டால் வகுத்தால், 3,258-ஐ 640-ஆல் வகுக்க வேண்டும், 5 ரூபாய் 9 காசு. உங்கள் பங்கு 1,324 ரூபாய்.

மூன்றாவது வீட்டுக்காரம்மாவின் விலை. மாடி காலியாகக் கிடந்து, அவர்கள் வீட்டு 380 யூனிட் மட்டும் ஓடியிருந்தால் அவர் கட்டியிருக்க வேண்டியது 1,081 ரூபாய். நீங்கள் குடியிருப்பதால் வந்தது 3,258. உங்களால் ஏறியது 2,177. அதை 260-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 8 ரூபாய் 37 காசு. அவர் 9 என்று முழுசாக்கி வைத்திருக்கிறார். கணக்குப் போட்டு வைத்தாரோ, அக்கம்பக்கத்தில் எல்லாரும் வாங்குகிறார்கள் என்று வைத்தாரோ, கோடையில் அந்த 9 வெறும் பேராசை இல்லை.

பந்தியில் யார் முதலில் உட்கார்ந்தது என்ற தகராறு இது. இலவச 100-ம், மலிவான யூனிட்டுகளும் தன் இலைக்கு முதலில் வந்தவை என்று அவர் நினைக்கிறார். அதனால் உங்கள் யூனிட் பெரும்பாலும் கடைசியில் வந்த, 6.30-க்கும் 8.40-க்கும் 9.45-க்கும் ஓடிய யூனிட். நீங்களோ முதல் பந்தியிலேயே உட்கார்ந்ததாக எண்ணிக்கொள்கிறீர்கள். மெயின் மீட்டருக்கு மாடி யூனிட், கீழ் யூனிட் என்ற பேதமே தெரியாது. வாரியமும் ஒரு சர்வீஸ், ஒரு குடும்பம் என்றுதான் கணக்குப் போடுகிறது.

இதே கணக்கைப் பிப்ரவரிக்குப் போட்டால் அந்த அம்மாவின் வாதம் நிற்காது. தனியாக அவர்கள் வீட்டு 290 யூனிட்டுக்கு 658 ரூபாய். உங்களால் ஏறியது 958. யூனிட்டுக்கு 5 ரூபாய் 32 காசுதான். சராசரி போட்டால் 3 ரூபாய் 44 காசு. உங்களுக்கே தனி சர்வீஸ் இருந்திருந்தால் 180 யூனிட்டுக்கு மொத்தமே 188 ரூபாய். ஆக, வருஷம் முழுவதும் ஒரே 9 ரூபாய் என்பது கோடையில் ஏறக்குறைய சரி, மார்கழியில் அநியாயம். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை நிர்ணயித்ததுதான் கோளாறே. இந்தக் கட்டணத்தில் அப்படி ஒரு விலை கிடையாது.

என் அபிப்பிராயம் கேட்டால், சராசரிதான் நியாயம். ஒவ்வொரு பில்லுக்கும் மொத்தக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, சப் மீட்டர் யூனிட்டால் பெருக்கிக் கொடுங்கள். தண்ணி மோட்டாரும் படிக்கட்டு லைட்டும் மெயின் மீட்டரில் ஓடினால், அதில் உங்கள் பங்கையும் நீங்களே முன்வந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குதிரைத் திறன் மோட்டார் தினம் அரை மணி ஓடினால் ஏறத்தாழ அரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். பாதி உங்களுடையது என்றால் 15. ஜூன் பில்லுக்கு 275-ஐ 5.09-ஆல் பெருக்கினால் 1,400 ரூபாய். பிப்ரவரிக்கு 195-ஐ 3.44-ஆல் பெருக்கினால் 671. இரண்டும் சேர்ந்து 2,071. நீங்கள் கொடுத்தது 3,960.

பழைய பாக்கியைத் திருப்பிக் கேட்பதா என்பது உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவைப் பொறுத்தது. நானாக இருந்தால் பிப்ரவரி பில்லை மட்டும் காட்டி, "மொத்த பில்லையே நாங்க கட்டியிருக்கோம்மா, பாருங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த பில்லிலிருந்து சராசரிக்கு வரச் சொல்வேன். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் மின்சாரத்தை வாங்கி விற்று வியாபாரம் பண்ண முடியாது. வந்த பில்லைப் பங்கிட்டுக்கொள்வது வேறு, பில்லுக்கு மேலே வாங்குவது வேறு. கேட்டதற்காகக் கரண்டை நிறுத்துவேன் என்று யாரும் மிரட்டவும் முடியாது. நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் தடுப்பதை அது அனுமதிக்கவில்லை. உங்கள் வீட்டில் அந்த அளவுக்குப் போகாது என்றுதான் கடிதத்தைப் படித்தால் தோன்றுகிறது.

சப் மீட்டர் சந்தேகம். இதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சடித்திருப்பார்கள். பல மீட்டர்களில் 3,200, சிலவற்றில் 1,600. முதலில் உங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், சார்ஜர் உட்பட எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் அந்த விளக்கையே பாருங்கள். மின்னக் கூடாது. மின்னினால், ஒன்று ஒயரிங்கில் கசிவு, இல்லாவிட்டால் உங்கள் லைனில் வேறு ஏதோ ஓடுகிறது. மாடிப்படி லைட், வாசல் லைட், சில வீடுகளில் மோட்டாரே கூட, மாடி லைனில் மாட்டியிருக்கும். வேண்டுமென்றே செய்ததாக இருக்க வேண்டியதில்லை. மாடி கட்டும்போது எலக்ட்ரீஷியன் கைக்கு எட்டிய ஒயரில் இணைத்துவிட்டுப் போயிருப்பார்.

அடுத்தது வேகம். வாளியில் தண்ணீர் ஊற்றி, 1,000 வாட்ஸ் ஹீட்டர் ராடு ஒன்றை மட்டும் போடுங்கள். இஸ்திரிப் பெட்டி வேண்டாம், அது நடுவில் தானாக அணைந்துவிடும், ராடு அணையாது. 3,200 போட்ட மீட்டரில் ஒரு நிமிஷத்துக்கு 53 முறை மின்ன வேண்டும். 1,600 என்றால் 27. வோல்டேஜ் குறைந்திருந்தால் 45 வரைகூட இறங்கும், அது மீட்டரின் குற்றமில்லை. 53 இருக்க வேண்டிய இடத்தில் எழுபது, எண்பது என்று மின்னினால் மீட்டரை மாற்றச் சொல்லுங்கள். சப் மீட்டர் வீட்டுக்காரர் வாங்கி வைத்தது, வாரியத்துடையது அல்ல, அதனால் ஈ.பி. ஆபீசில் இதற்குப் புகார் எடுக்க மாட்டார்கள். ராடு எரியும்போது யாரும் வாளித் தண்ணீரில் கை வைக்க வேண்டாம், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

ரீடிங் எடுக்கும் தேதியையும் கவனியுங்கள். உங்கள் பிப்ரவரி 470 யூனிட் 60 நாளுக்கு என்றால் நாளுக்கு 7.8 யூனிட். ரீடிங் எடுப்பவர் நாலு நாள் தாமதமாக வந்திருந்தால் அதே வீட்டில் 501 ஆகியிருக்கும். பில் 1,616 இல்லை, 2,048. கூட ஓடிய 31 யூனிட்டுக்கு 432 ரூபாய், யூனிட்டுக்குப் பதினாலு ரூபாய் கிட்ட. மிக உயர்ந்த படியே 11.55 தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதனால் முந்தைய ரீடிங் தேதியை காலண்டரில் குறித்து வைத்து, அறுபதாவது நாள் மெயின் மீட்டரை செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். தாமதமாகிப் படி தாண்டினால் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க அந்தப் படம் உதவும். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் வராதீர்கள், இதை எங்கள் ஆட்களை நன்றாகத் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கோடையில் கொஞ்சம் குறைத்தால் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் இதே கணக்கில் பார்க்க வேண்டும். 640-லிருந்து 500-க்கு இறங்கினால் பில் 3,258-லிருந்து 1,805. 140 யூனிட் குறைத்ததற்கு 1,453 ரூபாய், ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க்கு மேல். சராசரியான 5 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டு, "புது ஃபேன் வாங்கினா என்ன பெரிசா மிஞ்சப் போகுது" என்பவர்கள் இங்கேதான் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பழைய ஃபேன் 75 வாட்ஸ், இப்போது வரும், கரண்டை மிச்சப்படுத்தும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்ஸ் சொச்சம். நம் ஊர் வெயிலுக்கு நாளுக்குப் பதினாறு மணி நேரம் சுற்றினால், ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம். மேலும் கீழுமாக மூன்று ஃபேன் மாற்றினாலே 130 யூனிட் ஆயிற்று. யார் வீட்டு ஃபேனை மாற்றினாலும் இரண்டு பேருக்கும் லாபம், ஏனென்றால் படி இரண்டு பேருக்கும் பொது.

ஆனால் இந்தப் பங்கீட்டுக் கணக்கெல்லாம் தற்காலிக ஏற்பாடுதான். ஜூனில் கீழ் வீட்டுக்கு 1,081, மாடிக்கு 517, இரண்டு சர்வீசாக இருந்திருந்தால் மொத்தம் 1,598. கட்டியது 3,258. ஒரே பில்லில் 1,660 ரூபாய் உங்கள் பைக்கும் வராமல், அந்த அம்மா பைக்கும் போகாமல் வாரியத்துக்குப் போயிருக்கிறது. மழைக்காலத்து, குளிர்காலத்து பில்லில்கூட, பிப்ரவரியைப் போல, 770 ரூபாய் போகிறது. இரண்டு பில்லையும் சேர்த்துப் பார்த்தால், 9 ரூபாயா 5 ரூபாயா என்று நீங்கள் இருவரும் இழுத்துக்கொண்டிருக்கும் தொகையைவிட இது பெரிது. மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்குங்கள்.

தனி வாசல், தனிச் சமையலறை, கீழ் வீட்டோடு கலக்காத தனி ஒயரிங் இருக்கும் மாடி தனி வீடாகவே எடுத்துக்கொள்ளப்படும். சர்வீசை வீட்டுக்காரம்மா பெயரிலேயே வாங்கலாம். வாடகைக்கு இருப்பவர் பெயருக்கு ஈ.பி. போனால் வீட்டில் பாத்தியதை வந்துவிடும் என்ற பயம் பல வீட்டுக்காரர்களுக்கு உண்டு. அவர் பெயரில் இருந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு பயம், இரண்டாவது சர்வீசுக்கு இலவச 100 யூனிட் கிடைக்காது என்பது. 2022 கடைசியில் ஆதார் எண்ணை இணைக்கச் சொன்னபோது கிளம்பிய வதந்தி அது. ஒருவர் பெயரில் பல இணைப்பு இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 100 யூனிட் தொடரும் என்று அப்போதே அரசு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரே குடும்பம் ஒரே வீட்டுக்குள் படி குறையட்டும் என்று இரண்டு சர்வீஸ் வைத்திருந்தால்தான் தொல்லை, அதை ஆய்வில் கண்டுபிடித்தால் ஒன்றாக்கிவிடுவார்கள். உங்களுடையது அப்படி இல்லை, குடியிருப்பது இரண்டு குடும்பம்.

விண்ணப்பம் வாரியத்தின் இணையதளத்திலேயே போடலாம். சொத்துவரி ரசீது, அவருடைய அடையாள அட்டை, கூடவே இப்போதுள்ள சர்வீசின் எண், வேலூர் மண்டலம் என்பதால் 08-ல் தொடங்கும், இவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எலக்ட்ரீஷியனை வைத்து மாடி ஒயரிங்கைப் பிரித்துவிட்டு விண்ணப்பியுங்கள். பிரிக்காமல் போட்டால் பார்க்க வருபவர் திருப்பி அனுப்பிவிடுவார், இரட்டை அலைச்சல். இணைப்புக்கு ஆகும் வைப்புத்தொகையும் மற்ற கட்டணங்களும் விண்ணப்பிக்கும்போதே திரையில் வந்துவிடும். யார் கட்டுவது என்று பேச்சு வந்தால், ஜூன் பில்லில் வீணாய்ப் போன 1,660-ஐ எழுதிக் காட்டுங்கள். பாதிப் பாதி போட்டாலும் நஷ்டமில்லை. இழுத்தடித்தால் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம், நேரம் காலம் பார்க்க வேண்டியதில்லை.

குடியாத்தம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: தறி ஓடும் இணைப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டும் விசைத்தறிக்கு 1,000 யூனிட்டும் 2023 மார்ச் முதல் இலவசம். வீடும் தறியும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எது எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதை எழுதி அனுப்புங்கள், தனியாகப் பார்க்கலாம்.